சுண்டுவிரல் எழுத்துகள்

கம்ப்யூட்டரில் எதை எப்படிச் செய்வது என்று எழுதி வைக்கிறவர்களை உலகம் கண்டுகொள்வதே இல்லை. ஏதாவது வேலை செய்யாமல் போனால்தான் அவர்கள் எழுதியதைத் தேடும். கிடைத்தாலும் பாதி படித்துவிட்டுத் திட்டும். சிந்துஜாவுக்கு அதெல்லாம் பழகிப்போயிற்று. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் முளைத்த புது வீடுகளில் ஒன்றின் மாடியறையில் உட்கார்ந்து, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஓர் உரைத்திருத்தி மென்பொருளுக்கு அவள் உதவிப் பக்கங்கள் எழுதுகிறாள். மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தால் விசைப்பலகை அமைப்புகள் பற்றிய பக்கத்தை முதலிலிருந்து சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டும். எந்த விசையை அழுத்தினால் என்ன ஆகும் என்று அடுத்தவர் சொல்லிக் கேட்டு எழுத மாட்டாள். தானே அழுத்திப் பார்த்த பிறகுதான் எழுதுவாள். அந்தப் பிடிவாதத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பகுதியை வெட்டி எறிந்தாள். ஒரே கையால் தட்டச்சு செய்கிறவர்கள் எழுத்துகளை வேறு விசைகளுக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்று சொல்லும் பகுதி அது.

"இத யாரு படிக்கப் போறாங்க அறிவு? பக்கம்தான் நீண்டுக்கினே போவுது" என்றாள். சென்னையில் இருந்துகொண்டு மென்பொருளை எழுதும் அறிவுமதியும் சரி என்றுவிட்டான்.

அந்த வாரமே எழுத்துகள் காணாமல் போக ஆரம்பித்தன. 'அமைப்பு' என்று அடித்தால் 'மைப்பு' என்று வந்தது. 'ஆவணம்' 'வணம்' ஆயிற்று. அவள் பழகிய தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் இருக்கும். அதில் அகரமும் ஆகாரமும் சுண்டுவிரலின் பங்கு. காணாமல் போனவை அந்த இரண்டும்தான்.

புதுப் பதிப்பில் கோளாறு என்று அறிவுமதிக்கு எழுதினாள். அவன் போன் செய்தான்.

"இங்க எல்லாருக்கும் நல்லாத்தான் வருதுக்கா. உங்க கீபோர்டுல தூசி கீசி இருக்கும், பாருங்க."

தேரடி வீதிக்குப் போய்ப் புது கீபோர்டு வாங்கி வந்தாள். அதிலும் 'மைப்பு'தான். வேறு வழி தெரியாமல் உதவிப் பக்கத்தின் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'சில நேரங்களில் அ, ஆ பதிவாகாமல் போகலாம். இக்குறை சரிசெய்யப்பட்டு வருகிறது.' யார் சரிசெய்து வருகிறார்கள் என்று அவளுக்கே தெரியாது.

அவளுடைய அப்பா கலையரசன் இந்த ஊரில் ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோவில் கிளட்ச் இடக்கையில். ஒருநாள் கிளட்ச் இறுக்கமாக இருக்கிறது என்றார். ஒயரை மாற்றினார், மறுபடியும் மாற்றினார், பிளேட்டையும் மாற்றினார். கடைசியில் மெக்கானிக் கவுஸ் பாஷா தானே வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "வண்டி நல்லாத்தான் இருக்குதுண்ணே" என்றார். அப்பா அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். அம்மா அருணாதேவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருடம் கார்த்திகை தீபத்துக்குள் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட அம்மா தேவைப்பட்டாள். அடுத்த தீபத்துக்குச் சோறு ஊட்ட. அதற்கடுத்த தீபத்தை அவர் பார்க்கவில்லை. நரம்பு நோய் என்றார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டதை மட்டும் அம்மா அதன்பிறகு வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

சிந்துஜா இதையெல்லாம் மறக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். கீபோர்டில்தான் கோளாறு என்று தெரிந்தால் போதும், அண்ணாமலையாருக்கு வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். எதற்காக இவ்வளவு பெரிய வேண்டுதல் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

நேற்றுக் காலை அறிவுமதியிடமிருந்து செய்தி வந்தது. 'சும்மா ஒரு டெஸ்ட்டுக்கு, அந்தக் கீய வேற விரலால அழுத்திப் பாருங்கக்கா.'

அவள் உடனே செய்யவில்லை. காய்ந்த துணியை மடித்தாள். மடித்த துணியைக் கலைத்து மறுபடி மடித்தாள். எதையும் அழுத்திப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றிருந்தவள், அழுத்திப் பார்க்கப் பயந்துகொண்டு அரை நாளை ஓட்டினாள்.

பிறகு உட்கார்ந்து, வலது ஆட்காட்டி விரலால் அந்த விசையைத் தட்டினாள். அ. மறுபடி தட்டினாள். அ, அ, அ என்று திரையில் வரிசையாக விழுந்தது. இடது சுண்டுவிரலை வைத்தாள். அழுத்துகிறோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. விசை இறங்கவில்லை. இரண்டு கைகளையும் வழக்கம்போல் வைத்து 'அப்பா' என்று அடித்தாள்.

'ப்ப' என்று வந்தது.

பிறகு உதவிப் பக்கத்தைத் திறந்து, கீழே சேர்த்திருந்த வரியை அழித்தாள். வெட்டி எறிந்த பகுதியைத் தேடி எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தாள். வழக்கப்படி அதையும் செய்து பார்க்க வேண்டுமே. அதில் சொன்னபடி அகரத்தையும் ஆகாரத்தையும் வலக்கைப் பக்கம் சும்மா கிடந்த விசைகளுக்கு மாற்றினாள். 'அப்பா' இப்போது முழுதாக வந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. அவ்வளவும் பயம்.

காபியோடு மாடியேறி வந்த அம்மா, மேசைமேல் கிடந்த பழைய கீபோர்டையும் புதியதையும் பார்த்தாள்.

"இன்னாடி, புதுசும் ரிப்பேரா? கடைக்காரன்கிட்ட குடுத்து மாத்திக்கினு வர வேண்டியதுதான?"

"இல்லம்மா. கீபோர்டு நல்லாத்தான் இருக்குது."

அருணாதேவி காபியை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். டம்ளரை மெதுவாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு வந்ததும் அதைப் பிடித்தாள், விடவில்லை.