சம்பளச் சிரிப்பு

குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவளுக்குத் தன் பிள்ளைகளைச் சமாளிப்பது தண்ணீர் பட்ட பாடு என்றுதான் ஊர் நினைக்கும். ஊர் என்ன, புருஷனே அப்படித்தான் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், "நீயே கூட்டிட்டுப் போயிட்டு வா, உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். புண்ணியவான்.

இந்தத் தடவை போயே ஆகவேண்டும். இதற்கு முன் பூங்காவுக்குக் கிளம்பும்போதெல்லாம், ஆள் இல்லை வந்துவிடு என்று காப்பகத்திலிருந்து போன் வரும், அவளும் ஓடிவிடுவாள். கடைசித் தடவைக்குப் பிறகு மூத்தவள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. எதைக் கேட்டாலும் 'ம்', இல்லாவிட்டால் 'ம்ஹூம்'. இன்றைக்காவது அந்த வாயைத் திறக்கவைத்துவிட வேண்டும் என்று, போனை வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

பேருந்தில் சின்னவன் ஜன்னலோரம் கேட்டான். கொடுத்ததும் வெயில் அடிக்கிறது என்றான். பூங்காவில் படகு, படகு என்று உயிரை வாங்கினான். கால் கடுக்க வரிசையில் நின்று முன்னால் போனதும், பயமாக இருக்கிறது என்று அவள் காலைக் கட்டிக்கொண்டான். வரிசையை விட்டு வெளியே வந்தார்களோ இல்லையோ, படகுதான் வேண்டும் என்று தரையில் புரண்டான். மூத்தவள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிடா. அடி வாங்கப்போற," என்று பல்லைக் கடித்தாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து, யார் பெற்ற பிள்ளையோ ஒன்று பக்கத்தில் விழுந்து வீறிட்டது. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்த் தூக்கிக்கொண்டது, முகம் தானாகச் சிரித்தது. "அச்சச்சோ, என் ராஜாவுக்கு எங்க வலிக்குது? அந்தத் தரையை ரெண்டு போடு போடலாமா?" என்று முழங்காலை ஊதிவிட்டாள். பிள்ளை அழுகையை மறந்து அவள் தோட்டைப் பிடித்து இழுத்தது. ஓடிவந்த அதன் தாய் அசந்துபோனாள்.

"எப்படிங்க இவ்வளவு பொறுமை? உங்க பிள்ளைங்க குடுத்து வச்சவங்க."

"எங்களுக்கு இதெல்லாம் கிடையாது ஆன்ட்டி," என்றாள் மூத்தவள்.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, மகள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். சின்னவன் அதற்குள் படகை மறந்துவிட்டுக் காலடியில் எறும்பைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"அது சம்பளச் சிரிப்புடி. வாரம் பூரா சிரிச்சு சிரிச்சு, வீட்டுக்கு வரும்போது ஒண்ணும் மிச்சம் இருக்கறதில்ல. உங்ககிட்ட மட்டும்தான் என்னால சிரிக்காம இருக்க முடியுது."

"அப்ப நீ நிஜமா எப்பதான்மா சிரிப்ப?"

தெரிந்தால்தானே சொல்வதற்கு. யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"தெரியலடி. ரொம்ப அசதியா இருக்கு," என்றாள். பிள்ளைகள் முன்னால் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, என் மடியில கொஞ்ச நேரம் படு. தம்பியை நான் பாத்துக்கறேன்."

படுக்கத்தான் உடம்பு ஏங்கியது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் மனசு பதறிவிட்டது. இந்த வயசில் இவள் வாயில் வருகிற பேச்சா இது?

"வேணாம்டி. இந்த வீட்டுல ஒருத்தி தேஞ்சது போதும். நீ போய் விளையாடு."

மகள் போகவில்லை. நகர்ந்து வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பாத்துக்க வேணாம்மா," என்றாள்.