விகாரில் நடந்த வளைகாப்பு

பிள்ளைகளா, உங்களில் மூத்தவள் அம்மா வயிற்றில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

நம் வீடு புத்தரை ஏற்றது என் அப்பா காலத்தில். உங்கள் அம்மா பிறந்த வீட்டில் இன்றும் அம்மன்தான். தன் அம்மா கையால் வளைகாப்பு வளையல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் அவள் அப்பா, என் மாமனார், இறந்துவிட்டார். தாலியறுத்தவர் வளையலைத் தொடக் கூடாது என்பது மும்பைத் தாராவிச் சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்த சட்டம். அவள் அம்மா, என் அத்தையே, அதை மீற மாட்டார்.

செம்பூர் புத்த விகாரில் இருந்த பந்தேஜியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், இங்கே வளைகாப்பு நடத்தலாமா என்று. அவர் மராட்டிக்காரர், இலங்கையில் படித்த பிக்கு. அங்கே பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரித் என்ற காப்புச் சூத்திரம் ஓதி வெள்ளை நூல் கட்டுவார்களாம். உங்களுக்கு வளையலா, கொண்டு வாருங்கள் என்றார். தர்மம் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சோற்றைத்தான் சாப்பிட்டது என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை புத்தர் சிலையின் கையிலிருந்து புறப்பட்ட நூல், வளையல் தாம்பாளத்தைச் சுற்றி, எங்கள் எல்லோர் கைவழியாகவும் போனது. அவர் ஓத ஓத எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விகாருக்கு வரும் மராட்டிப் பெண்கள் தங்கள் வழக்கப்படி உங்கள் அம்மா மடியில் தேங்காயும் அரிசியும் வைத்தார்கள்.

முதல் வளையல் போட என் அக்கா எழுந்தாள். பெண்ணின் அம்மா எங்கே என்று பந்தேஜி கேட்டார். அத்தை வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“அவுகளக் கூப்பிடாத. பிள்ளைக்கு ஆகாது” என்று அக்கா என்னிடம் முணுமுணுத்தாள். அதைப் பந்தேஜிக்குச் சொன்னேன். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று அதன் பாட்டியைவிட அதிகம் நினைப்பவர் யார் என்று அவர் கேட்டார்.

உங்கள் அம்மா வாசலைப் பார்த்துக் கையை நீட்டினாள். “யம்மா, நீ போடாட்டி எனக்கு வளையலே வேண்டாம்.”

அத்தை வந்தார். தாம்பாளத்திலிருந்து முதல் வளையலை எடுத்துப் போட்டார். அது மகளின் விரல் முட்டியில் சிக்கிக்கொண்டது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். “கை வீங்கிக் கெடக்கு அத்தை. நான் குவிச்சுப் பிடிக்கேன், நீங்க தள்ளுங்க.”

வளையல் ஏறியது.

நூலும் தேங்காயும் வளையலும் அப்படியே இருந்தன. வாசலில் நின்றவர் மட்டும் உள்ளே வந்திருந்தார். இவ்வளவு லேசாக நடந்துவிட்டதே என்று இன்றும் வியக்கிறேன்.

சாயங்காலம் நான் மட்டும் மாட்டுங்கா கடைத்தெருவுக்குப் போய், மாமனார் போனதிலிருந்து அத்தை வைக்காத மல்லிகையை ஒரு முழம் வாங்கினேன். அத்தை வீட்டுக் கதவுக் கொண்டியில் அதை மாட்டிவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பினேன்.