இடப்பக்கம் இழுத்த ரோபோ

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். மரக்காணத்தில் நான் அறிவியல் நடத்தும் பள்ளியில் இது எல்லோருக்கும் தெரியும். அந்த வாயால் ஒரு பெண்ணுக்குச் செய்ததைத்தான் எழுதுகிறேன். எழுதவே கூசுகிறது.

ரோபோ போட்டிக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அவளுடைய அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவர். புதுச்சேரியில் ஜெயித்தால் அடுத்த சுற்று சென்னையில். சென்னைக்குப் போட என்ன டிரஸ் என்பதுவரை அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓரக்கோட்டைத் தொடாமல் ரோபோ ஐந்து மீட்டர் நேராக ஓட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ரோபோவோ எப்போது விட்டாலும் இடப்பக்கமே இழுத்தது.

சக்கரத்தை மாட்டியவள் அவள். நான்கு முறை கழற்றி மாட்ட வைத்தேன். நாலாவது முறை மெதுவாகச் சொன்னாள்.

"மிஸ், வீலு சரியாத்தான் இருக்குது. தரைதான் வாட்டமா இருக்குது. கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாக்கலாமா?"

உப்புப் பாத்தியில் விரற்கடை சரிவு இருந்தாலும் தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடிவிடும். நடக்கத் தொடங்கியதிலிருந்து அதைப் பார்க்கிறவள் அவள். ரோபோவை ஓட்டிப் பார்த்த எங்கள் பள்ளி ஹாலும் கழுவிவிட வசதியாகச் சரிவு வைத்துக் கட்டியதுதான், இடப்பக்கச் சுவரோரம் சாக்கடைத் துளையே இருக்கிறது. எனக்குக் கண் எங்கே போயிற்றோ!

"இது என்ன, உங்கம்மா மிதிக்கிற பாத்தியா? தண்ணி கட்டப் போறியா?" என்றேன்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நான் லேப்டாப்பைத் திறந்து வலது மோட்டாரின் வேகத்தைக் குறைத்தேன். ரோபோ நூல் பிடித்த மாதிரி போனது. "பாத்தியா?" என்று அவளிடம் வேறு கேட்டேன்.

புதுச்சேரியில் போட்டிப் பலகை துளிகூடச் சரிவில்லாமல் மட்டமாக இருந்தது. எங்கள் ரோபோ கிளம்பி இரண்டு மீட்டர்கூடப் போகவில்லை, வலப்பக்கம் திரும்பிக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் போச்சு. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. சமதரையில் வலது சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றினால் வேறு எங்கே போகும்? கோணல் எங்கள் ஹால் தரையில் இருந்தது. அதை எடுத்து ரோபோவுக்குள் வைத்தவள் நான்.

"என்ன ஆச்சு டீச்சர்?" என்று நடுவர் கேட்டார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"வீலு... இந்தப் பொண்ணுதான் சார் மாட்டினா."

பொய் என்றும் சொல்ல முடியாது பாருங்கள். அவள்தானே மாட்டினாள்! அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா சார், நான்தான்" என்றாள்.

மகளின் போட்டியைப் பார்க்க அன்று வேலையை விட்டுவிட்டு அவள் அம்மாவும் வந்திருந்தார். திரும்பும் பஸ்ஸில், அனுமந்தை தாண்டியதும், கம்பியைப் பிடித்துக்கொண்டு என் சீட்டருகே வந்தார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். நீங்க இவ்ளோ பாடுபட்டீங்க, எம்பொண்ணு கெடுத்துட்டா. இனிமே ஒழுங்கா மாட்டுவா."

இரண்டு சீட் முன்னால் ஜன்னலோரம் இருந்த அவளுக்கு அது கேட்டிருக்கும். திரும்பவில்லை. ஊரையே பேசும் வாய், அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"பரவால்லம்மா, சின்னப் பொண்ணுதானே, விடுங்க" என்றேன். மன்னித்துவிட்டேனாம், நான்!

அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.