முறைத் தண்ணீர்க் கணக்கு

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். கடைசி வயல்களுக்கு வந்து சேர்வதற்குள் சண்டை வந்துவிடும். தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் கணினிப் பாடம் எடுக்கும் நான், ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து இதற்கென்று ஒரு செயலி எழுதினேன். யாருக்கு எத்தனை மா நிலம், மதகிலிருந்து எவ்வளவு தூரம், வழியில் மண் எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போட்டு, அவரவர் முறை நேரத்தைக் கைபேசிக்கு அனுப்பிவிடும். கணக்கில் பாதி, வாய்க்கால்காரர்களிடமே கேட்டு எழுதியது. அந்தக் குறுவையில் கைகலப்பு இல்லை.

சக ஆசிரியர் ஒருவர் வற்புறுத்தியதால் காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். வெறும் கணக்குக்கும் நிரலுக்கும் சட்டத்தில் இடமில்லை என்று நிராகரித்தார்கள். வருத்தம்தான், ஆனாலும் நியாயமென்றே பட்டது.

மூன்று வருஷம் கழித்து வெளியூர் நிறுவனமொன்றின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மதகில் பொருத்தும் ஒரு பெட்டிக்கு அவர்கள் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். பெட்டி நீர்மட்டத்தை அளக்கும். மற்றபடி அதே கணக்கு. என் செயலியை நான் நிறுத்த வேண்டுமாம்.

நான் பார்க்கப் போன வக்கீலம்மா என் பழைய விண்ணப்பத்தையும் அவர்களுடைய காப்புரிமையையும் பொறுமையாகப் படித்தார்.

“நீங்க கணக்குன்னு எழுதிட்டீங்க. அவங்க அதையே கருவின்னு எழுதியிருக்காங்க.”

“பெட்டிக்குள்ள இருக்கறதும் கணக்குதானங்க?”

“அதுதான் நம்ம வாதம். அவங்க காப்புரிமையை ரத்து பண்ணச் சொல்லி எதிர்மனு போடலாம், ஜெயிக்கவும் வாய்ப்பிருக்கு. எப்ப முடியும்னு மட்டும் கேக்காதீங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆனால் செய்தி எனக்கு முன்னதாகவே ஊருக்குப் போய்விட்டிருந்தது. பாசன சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். செயலியை முதலில் நம்பியவர் அவர். காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“நோட்டீஸ்ல எங்க பேரும் வருமா?”

வராது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த வாரமே எல்லோரும் செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டார்கள். முதல் போகத்துக்கு இலவசம் என்று அந்த நிறுவனம் வந்து பெட்டியைப் பொருத்தியது. சங்கத்தில் யாரும் மறுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

எதிர்மனு விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போயிருக்கிறது. எனக்கு உரிமை வேண்டுமென்று அதில் நான் கேட்கவில்லை. யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன். இந்தக் குறுவைக்கு எங்கள் வயலின் முறை நேரத்தைப் பெட்டிதான் அனுப்பியது. பயிர் காய்ந்துகொண்டிருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போனேன்.