ஆறடி பிலிம்

மாலை நாலு பத்துக்குச் செய்தி வந்தது. தியேட்டர் ஆபரேட்டர் இடைவேளைக்குப் பிறகு படத்தை ஓட்டிவிட்டுத்தான் நெஞ்சைப் பிடித்தாராம். சாவிலும் ரசிகர்களுக்குக் குறை வைக்கவில்லை.

அவர் மனைவிக்கு இதில் ஆச்சரியமில்லை. முப்பது வருடமாக அவர் குடித்தனம் நடத்தியதே, வெளிநாட்டுக்குப் பாடப் போகும் ஒரு பழைய படத்துக் காதலனோடுதான். சோப்பு வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் கப்பலேறுகிற மிடுக்கு. மெஷின் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. மனைவி வாயைத் திறந்தால் மீதியும் போய்விடும்.

கல்யாணமான புதிதில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவள் பொருமினாள். "இங்க ஒருத்தி காத்துக்கிட்டு கெடக்கா, அங்க போய் இன்னொருத்திக்கு மோதிரம் போடறான். நல்ல லட்சணம் உங்க பாடகன்!"

"என்ன சொன்னே?"

"செவுத்துக்கிட்ட பேசிட்டிருக்கேன்."

அவர் போன மறுவாரம் தியேட்டர் முதலாளி அவருடைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"மோதிரம் போடற ஆறடி பிலிமைக் கல்யாணமான புதுசுலயே வெட்டிட்டாரும்மா. ஊரெல்லாம் அவன் துரோகி, நம்ம தியேட்டர்ல மட்டும் உத்தமன். படத்தை விக்கப்போறேன், ஒட்டிக் குடுய்யான்னு போன மாசந்தான் சொன்னேன். ஏன்யா வெட்டினேன்னு கேட்டா, 'வீட்டம்மா உத்தரவு'ன்னாரு."

"அடப்பாவி மனுஷா, காது கேட்டிருக்கு!" என்றாள் அவள்.

பெட்டிக்குள் அந்தத் துண்டு சுருண்டு கிடந்தது. திரும்ப ஒட்டும்போது பசை பிடிப்பதற்காக ஒரு முனையைச் சுரண்டியிருந்தார். மறுமுனையைச் சுரண்டவில்லை.