அக்காவின் மாதிரி வரி

எங்கள் கடை பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே. ஆய்வேடு எழுதுகிறவர்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து விழவேண்டும். பைண்டிங் என் வேலை. அதற்கு முந்தின வேலை அக்காவுடையது: ஆய்வேட்டின் கடைசியில் வருகிற நூற்பட்டியலை ஒழுங்குபடுத்துவது. ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, ஊர், பதிப்பகம் என்று எல்லாப் புத்தகமும் ஒரே வரிசையில் வரவேண்டும். தலைப்பு மட்டும் சாய்வெழுத்தில். இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இருநூறு புத்தகத்துக்கு எத்தனை கமா என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். ஒரு கமா இடம் மாறினாலும் அக்காவுக்குச் சோறு இறங்காது. அதனால் தெருவில் எல்லாருக்கும் அவர் கமா அக்கா.

அக்கா முதலாளிக்கே பயப்படாதவர். பயமெல்லாம் தன் கைமேல்தான். "கண்ணை நம்பலாம்டா தம்பி. கை இருக்கே, பழக்கத்துல அது பாட்டுக்குப் போயிடும்" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பட்டியலைத் திறந்ததும் அதன் தலையில் ஒரு மாதிரி வரியை ஒட்டிவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்ற வரிகளைச் சரிசெய்வார். அந்த வரியில் இருப்பது இல்லாத ஒரு புத்தகம். ஆசிரியர் அவருடைய வீட்டுக்காரர், ஆண்டு அவர்கள் கல்யாண ஆண்டு, தலைப்பு 'ஒழுகும் குழாய்கள்: ஓர் ஆய்வு'. மாமா பிளம்பர். ஊர்க் குழாயெல்லாம் சரிசெய்வார், வீட்டுக் குழாய் மட்டும் பன்னிரண்டு வருஷமாகச் சொட்டுகிறது. வேலை முடிந்ததும் முதல் வரியை அழித்துவிட்டு, மீதியை அகரவரிசையில் அடுக்கச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்துவார். அழிப்பது முதலில், அடுக்குவது பிறகு. இந்த முறை மாறியதே இல்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் மாமா சாப்பாடு கொண்டுவந்தார். டிபன் பாக்ஸுக்கு அடியில் விரிக்க, மூலையில் கிடந்த வீண் தாள்களில் ஒன்றை உருவினார். மை தீற்றிப்போனதால் ஒதுக்கிப்போட்ட பிரிண்ட். மாமாவுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற வியாதி உண்டு.

"ஏம்மா, நான் எப்ப புத்தகம் எழுதினேன்?"

அக்கா சிரித்துக்கொண்டே தாளை வாங்கினார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மாமாவின் புத்தகம் பட்டியலின் நடுவில், முன்னும் பின்னும் நிஜப் புத்தகங்களோடு, நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

நர்சம்மாவின் ஆய்வேடு அது. மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே, நாள் முழுக்க நிற்கும் செவிலியர்களின் கால்வலியைப் பற்றி ஏழு வருஷம் எழுதியது. ஐந்து பிரதிகளும் என் கையால் பைண்டிங் ஆகி, போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. வாய்மொழித் தேர்வு திங்கட்கிழமை. தேர்வாளர் வடிகட்டி.

வடிகட்டி என்பது மாணவர்கள் அந்தப் பேராசிரியருக்கு வைத்த பெயர். போன வருஷம் ஓர் ஆளின் பட்டியலில் இருந்த ஒரு புத்தகத்தை, "உலகத்தில் எங்குமே இல்லாத பொய்ப் புத்தகம்" என்று சொல்லி அவருடைய பட்டத்தையே ரத்து செய்தவர். "படிச்சேன் சார், சத்தியமா படிச்சேன்" என்று அந்த ஆள் அழுதாராம். அவர் பட்டியலும் எங்கள் கடையில் செய்ததுதான். புத்தகம் இருக்கா இல்லையா என்று பார்ப்பது நம்ம வேலை இல்லை, கமா பார்ப்பதுதான் நம்ம வேலை என்று அன்றைக்கு நாங்கள் கையைத் துடைத்துக்கொண்டோம்.

"அடுக்கிட்டு அழிச்சிருக்கேன்" என்றார் அக்கா. "மாதிரி வரி நடுவுல போயிடுச்சு. அப்போ நான் அழிச்ச முதல் வரி எதுடா?"

நர்சம்மா முதலில் கொடுத்த கோப்பைத் திறந்து பார்த்தோம். நர்சம்மா பதினொரு இடத்தில் மேற்கோள் காட்டிய புத்தகம். அவர் ஆய்வுக்கே அதுதான் முதுகெலும்பு. அது பட்டியலில் இல்லை. குழாய் இருக்கிறது.

முறை ஏன் மாறியது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பசைச் சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டு, "பசை காயுது அக்கா, சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தியவன் நான்தான். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"யாருக்கும் தெரியாதுக்கா. வாயை மூடிட்டு இருப்போம்" என்றேன்.

"பட்டம் போனா அவங்களுக்குத்தான போகும்? நமக்கா போகும்?" என்று செருப்பை மாட்டினார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நர்சம்மா மருந்துத் தட்டோடு நின்றபடியே நாங்கள் சொன்னதைக் கேட்டார்.

"ஏழு வருஷம் அக்கா. என் பிள்ளைங்க பரீட்சைக்குக்கூட நான் கூட உட்கார்ந்ததில்ல."

"தப்பு என்னோடது. எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடறேன்."

"கொடுத்தா அந்த ஆள் நம்புவாரா? நான் உங்களுக்குக் காசு கொடுத்துப் பழியை ஏத்துக்க வெச்சேன்னு சொல்லுவார். வேண்டாம். அவர் கண்ணுல படாமலே போகலாம்." தட்டை இன்னொரு கைக்கு மாற்றினார். "நீங்க மட்டும் அன்னிக்கு வந்து உட்காருங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா எதுவும் சாப்பிடவில்லை என்று மாமா சொன்னார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டாம் மாடியில் தேர்வு அறை. பொதுமக்களும் உட்காரலாம் என்பதால் கடைசி வரிசையில் நாங்கள் இருவரும். அக்காவின் கைப்பையில், விட்டுப்போன புத்தகத்தையும் சேர்த்து எழுதிய பிழைத்திருத்தச் சீட்டு, கையெழுத்தோடு. நர்சம்மா நன்றாகத்தான் பேசினார். வடிகட்டி தலையாட்டக்கூடச் செய்தார். எனக்கு மூச்சு சீராக வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, ஆய்வேட்டைக் கையில் தூக்கினார்.

"என் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். நூற்பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் நானே தேடிச் சரிபார்ப்பேன். ஒண்ணைக்கூட விடமாட்டேன்."

நர்சம்மா திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அக்கா எழுந்துவிட்டார்.

"ஐயா, அதுல ஒரு புத்தகம் கிடையாது. நான் வெச்ச மாதிரி வரி. எழுதினவங்க மேல தப்பில்ல. பட்டியல் செஞ்சது நான்."

அக்கா மேஜை வரைக்கும் நடந்து போய்ச் சீட்டை வைத்தார். வடிகட்டி படித்தார், பட்டியல் பக்கத்தைப் புரட்டினார், விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். பிறகு படக்கென்று ஆய்வேட்டை மூடினார்.

"அச்சுப் பிழைதான். எல்லாப் பிரதியிலயும் இந்தச் சீட்டை ஒட்டிடுங்க." பேனாவை எடுத்துத் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நர்சம்மா மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதார்.

படி இறங்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. "தப்பிச்சோம்க்கா! ஆனா அந்த ஆளா இவ்வளவு சுலபத்துல விட்டாரு?"

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பக்கத்துல நின்னு பாத்தேன்டா. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பச்சை மையில டிக் போட்டிருக்காரு. உங்க மாமா புத்தகத்துக்கும்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"அவர் எதையும் தேடலடா. அப்போ போன வருஷம் அந்த ஆளோடத மட்டும் தேடியிருப்பாரா?"

கடைக்கு வந்ததும் சாப்பிடாமல் அந்த ஆளின் பழைய கோப்பைத் தோண்டினார். அந்தப் புத்தகத்தின் வரி, அவர் கைப்பட்ட அதே கமாக்களோடு அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அக்கா ஒரு புத்தகம் இருக்கிறதா என்று தேடினார். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. நான்காவது நூலகத்தின் பட்டியலில் அதே ஆசிரியர், அதே ஆண்டு, அதே பதிப்பகம். அலமாரி எண்கூடப் போட்டிருந்தது. தேடியதற்கு ஆன நேரம், என் பசை ஒரு கொதி வருகிற நேரம்.

ரசீதுப் புத்தகத்தில் அந்த ஆளின் போன் நம்பர் இருந்தது. அக்கா படித்துச் சொல்ல, நான்தான் அழுத்திக் கொடுத்தேன்.

"நான் கமா அக்கா பேசறேன் தம்பி. உங்க புத்தகம் இருக்கு. நான் அன்னிக்கே பாத்திருக்கணும்."