ரோஷன் பீவி எடுத்த வீதி அளவு

மீரான் வீதியில் ரோஷன் பீவியிடம் ரவிக்கைக்கு அளவு கொடுக்காத பெண் கிடையாது. டேப் கூட அவளுக்கு ஒரு மரியாதைக்குத்தான். கல்யாண வீட்டில் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருப்பவள் எத்தனையாவது கரண்டிப் பாயசத்தில் அரை இன்ச் கூடினாள் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். நாற்பத்தெட்டு வயதுக்குள் அவள் தைத்த ரவிக்கைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு படகில் கட்டினால், பிள்ளைச்சாவடி வரை இழுத்துக்கொண்டு போகலாம். அப்புறமும் கைக்கு மிஞ்சும்.

அப்பேர்ப்பட்டவள் கடைசியில் வீதிக்கே அளவெடுத்தது புருஷனுக்காக.

எலக்ட்ரிக் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹாஜாவுக்குச் சர்க்கரை வியாதியில் பார்வை போய் நான்கு வருடம் ஆகிறது. வேலை போயிற்று. சைக்கிள் போயிற்று. பள்ளிவாசலுக்குத் தனியாக நடந்து போய் வருவதை மட்டும் அவர் விடவில்லை. கைத்தடியால் நடைபாதை விளிம்பைத் தட்டிக்கொண்டே போவார்; திரும்பும் வழியில் ஒரு டீ. ஒரு நாளைக்கு ஐந்து தடவை. பாவம் பார்த்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்ள வருபவர்களிடம், "நான் என்னா பார்சலா, ஏத்தி எறக்கறதுக்கு?" என்பார்.

போன மாதம் கிருஷ்ணசாமியின் மிக்சி கடை முன்னால் நடைபாதையை விளம்பரப் பலகை அடைத்திருந்தது. ரோட்டில் இறங்கினார். ஒரு பைக் முழங்கையில் அடித்துவிட்டுப் போயிற்று. ஒரு வாரம் வீட்டில் கிடந்து, எட்டாம் நாள் திரும்பத் தடியை எடுத்தார். அந்த எட்டாம் நாள்தான் பால் பூத் சுவரில் நகராட்சி அறிவிப்பு ஒட்டினார்கள். வீதியின் நடைபாதை ஐந்தடி அகலம். அதில் மூன்றடி இனி பைக் நிறுத்த. மறுப்பு இருந்தால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொல்லலாம்.

ரோஷன் பீவி வாசித்துக் காட்டினாள்.

"அப்ப நான் எங்க நடக்கறதாம்?" என்றார் ஹாஜா.

"ரோட்லதான்."

"நல்லதாப் போச்சு. நேரா கபர்ஸ்தானுக்கே போய்ச் சேந்துடலாம்."

எப்போதும் அவர் பேச்சுக்குச் சிரிப்பவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மெஷினை மூடினாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆதிலட்சுமி வந்தாள். ஆலைத் தொழிலாளி மகள். விடியற்காலையில் தேங்காய்த்திட்டில் மீன் எடுத்து, சைக்கிளில் கூடை கட்டி வீடு வீடாக விற்கிறவள். கார்க்காரன் கதவைத் திறந்து இரண்டு தடவை அவளைச் சாய்த்திருக்கிறான். மூன்று நாள் இருவரும் குனிந்து குனிந்து அளந்தார்கள். டிரான்ஸ்பார்மர், கடைப்படி, ஜெனரேட்டர், பூந்தொட்டி என்று இடைஞ்சல் இருந்த நாற்பத்தொரு இடத்தில் ஆள் நடக்க மிஞ்சியது எவ்வளவு என்று ரோஷன் பீவி அளவு நோட்டில் எழுதினாள். பழக்க தோஷம், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் 'கழுத்து' என்றே எழுதிவிட்டாள்.

"ஏன்க்கா, வீதிக்கு லைனிங் உண்டா?" என்று கேட்டார்கள் கிண்டல்காரர்கள்.

"உன் வாய்க்கு ஊக்கு வச்சிட்டு அப்பறம் அதப் பாக்கறேன்" என்றாள்.

கூட்டம் அதே வீதிப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வரைபடத்தோடு வந்திருந்தவர் இளம் பொறியாளர் எழிலரசன். ரோஷன் பீவி நோட்டை நீட்டினாள். "ஐஞ்சடின்னு போட்டிருக்கீங்க சார். ஐஞ்சடி எங்க இருக்குதுன்னு காட்டுங்க. நான் தேடிப் பாத்துட்டேன்."

தன் கடை வாசலில் பைக் நிற்க இடம் கிடைக்கும் என்று காத்திருந்த கிருஷ்ணசாமி எழுந்தார். "தையக்காரம்மா அளந்ததையெல்லாம் நம்ப முடியுமா? எதிர்லதான இருக்குது வீதி. அளந்துடலாம் வாங்க."

எல்லாரும் வெளியே வந்தார்கள். எழிலரசன் இரும்பு டேப்பை நீட்டினார். நோட்டில் இருபத்து நான்கு என்று இருந்த இடத்தில் இருபத்திரண்டு இன்ச்தான் வந்தது. முப்பது என்ற இடத்தில் இருபத்தெட்டு.

"அளவு தப்பா இருக்கேக்கா" என்றார், சங்கடத்தோடு.

கிருஷ்ணசாமி சிரித்த சிரிப்பில் அரியாங்குப்பம் பாலத்தில் போன பஸ் பிரேக் போட்டது. ஆதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். ரோஷன் பீவிக்குக் காது சூடானது. முப்பது வருடத்தில் அவள் அளவு தப்பு என்று எவளும் துணியைத் திருப்பிக் கொண்டு வந்ததில்லை. ஹாஜா கூட்டத்தின் ஓரத்தில் தடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். இந்த நோட்டு தோற்றால் அந்தத் தடிக்கு வேலையில்லை.

நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

"தப்புதான் சார். பின்னால பிரிச்சி விடறதுக்குன்னு எந்த அளவுலயும் ரெண்டு இன்ச் சேத்து எழுதறது எங்க வழக்கம். கை தானா எழுதிடுச்சி. எல்லாத்துலயும் ரெண்டு இன்ச் கழிச்சிக்குங்க."

கிருஷ்ணசாமியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சரிக்கா, நாங்க ஆபீஸ்ல கழிச்சிக்கறோம்" என்றார் எழிலரசன்.

"வேணாம். தப்பு என்னுது. நானே திருத்தறேன்."

சிவப்புப் பேனா வாங்கி, கூட்டத்தை நிற்க வைத்து, ஒவ்வொன்றாய் உரக்கப் படித்துத் திருத்தினாள். பால் பூத், முப்பத்தாறு இல்லை, முப்பத்து நாலு. ஜெனரேட்டர், பதினெட்டு இல்லை, பதினாறு. கிருஷ்ணசாமி கடை, பதினொண்ணு இல்லை, ஒம்பது. நாற்பத்தொரு இடத்தையும் விடவில்லை. டிரான்ஸ்பார்மரில் நான்கு, இரண்டாகியது.

"ரெண்டு இன்ச்ல யாரு போறது?" என்றது ஒரு குரல்.

"பூனை போவும்" என்றாள் ஆதிலட்சுமி. "அதுவும் சினைப் பூனையா இருந்தா ரோட்லதான் எறங்கணும்."

எழிலரசனும் சிரித்துவிட்டார். "இத நான் மட்டும் முடிவு பண்ண முடியாதுக்கா. எல்லாரையும் வச்சி முழு வீதியும் அளந்து மேல எழுதறேன். அதுவரைக்கும் பார்க்கிங் கோடு போட மாட்டோம்."

"அளக்கறது எப்போ?"

"அடுத்த மாசம்..."

"நாளைக்குக் காலையில. பத்து மணிக்கு. இவரு முன்னால நடப்பாரு. நீங்க பின்னால அளந்துகிட்டே வாங்க. இப்ப சொன்னதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு வீதியே வெளியே நின்றது. ரோஷன் பீவி ஹாஜாவின் கையைப் பிடிக்கப் போனாள். "வுடு புள்ள" என்றார். விட்டாள், இரண்டடி தள்ளி நடந்தாள். அந்த இரண்டடி அவளுக்குக் கடல் தூரம் இருந்தது. தடி தட்டத் தட்டப் பின்னால் எழிலரசன் அளந்து எழுதினார். மிக்சி கடை முன்னால் தடி பலகையில் முட்டியது. ஹாஜா நின்றார்.

"கொஞ்சம் எறங்கிப் போங்க பாய்" என்றார் கிருஷ்ணசாமி. "ரெண்டு எட்டுதான்."

"ரெண்டு எட்டுதான? உங்க பலகை எறங்கட்டும்."

"வியாபார நேரம் பாய்."

"எனக்கு அவசரமில்ல. நிக்கறேன்."

நின்றார். பின்னால் ஆதிலட்சுமி சைக்கிளும் கூடையுமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் பால் பூத் வரை ஆட்கள். ஒருவரும் ரோட்டில் இறங்கவில்லை. எழிலரசன் ஒன்பது இன்ச் என்று எழுதி அடிக்கோடு போட்டார். கிருஷ்ணசாமி அவரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையைத் தானே தூக்கி உள்ளே வைத்தார்.

ஹாஜா தடியை வீசிப் பார்த்தார். எதிலும் படவில்லை.

"அடுத்தது யாரு கடை?" என்று கேட்டபடி நடந்தார்.